அக்கா கொடுத்த கிண்ணங்கள்: ஆறு வருஷம் புழங்கிய பிறகு

பெட்டியைப் பிரித்ததும் எனக்கு வந்தது ஏமாற்றம்தான். அதைச் சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறேன். புது வீட்டுக்குக் குடி வந்த வாரம் அக்கா கொடுத்த பரிசு அது: நான்கு கிண்ணம், நான்கு தட்டு, இரண்டு மக். எல்லாமே கையால் வனைந்த செராமிக். வெளிர் சாம்பல் நிறம், அங்கங்கே துருப்பிடித்தாற்போலப் பழுப்புப் புள்ளிகள். நான்கு கிண்ணத்தில் ஒன்றுகூட இன்னொன்றைப் போல இல்லை. ஒரு தட்டை மேஜையில் வைத்து ஓரத்தில் விரல் வைத்தால் லேசாக ஆடியது. "என்னக்கா, கழிச்சுப் போட்டதைப் பொறுக்கிட்டு வந்துட்டியா?" என்று கேட்டே விட்டேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "ஒரு மாசம் புழங்கிட்டுச் சொல்லுடி" என்றாள்.

அந்த ஒரு மாசம் ஆறு வருஷமாகிவிட்டது. இன்றைய இருப்பு: கிண்ணம் மூன்று, அதில் ஒன்றுக்கு விளிம்பில் சில்லு போயிருக்கிறது. தட்டு நான்கும் இருக்கின்றன. மக் ஒன்றுதான் மிச்சம். நடுவில் நானும் நான்கு முறை இதே மாதிரிப் பாத்திரங்களைப் பரிசாகக் கொடுத்துப் பார்த்தேன். இரண்டு உருப்பட்டன, இரண்டு உருப்படவில்லை. வாங்கிய கை, கொடுத்த கை இரண்டின் அனுபவமும் இதில் இருக்கிறது.

முதலில் மக்கைப் பற்றி. தினமும் கையில் எடுப்பது அதைத்தான். அடிப்பக்கம், கைப்பிடிக்கு எதிர்ப்புறம், பூச்சு சரியாகப் படியாத மூன்று சிறு வட்டங்கள் இருக்கின்றன. முதல் வாரம் அதையும் குறை என்றே நினைத்தேன். மக்கைப் பூச்சுக் கரைசலில் முக்கி எடுக்கும்போது குயவர் பிடித்திருந்த விரல்களின் தடம் அது என்று பிறகுதான் தெரிந்தது. அவருடைய விரல் என் விரலைவிடத் தடிமன். நடுவிரல் வட்டத்தில் என் விரலை வைத்தால் சுற்றிலும் கொஞ்சம் இடம் மிஞ்சும். காலையில் தூக்கக் கலக்கத்தோடு தேநீர் குடிக்கும்போது விரல் தானாகவே அந்த இடத்தைத் தேடிப் போய் உட்கார்ந்துகொள்கிறது. இயந்திரத்தில் வார்த்த மக்குகள் அலமாரியில் எட்டு இருக்கின்றன. விருந்தாளி வந்தால்தான் அவற்றுக்கு வேலை.

ஒன்றைப் போல ஒன்று ஏன் இல்லை என்பதற்குக் காரணம் சூளையில் இருக்கிறது. சக்கரத்தில் வனைந்த ஈர மண் காய்ந்து, வெந்து வெளியே வருவதற்குள் 10 முதல் 15 சதவீதம் வரை சுருங்கிவிடும். மண்ணைப் பொறுத்து, சுவரின் கனத்தைப் பொறுத்து, சூளைக்குள் வைத்த இடத்தைப் பொறுத்து இந்தச் சுருக்கம் கொஞ்சம் முன்னே பின்னே போகும். முதல் சூடு ஏறக்குறைய 1,000 டிகிரி செல்சியஸ். பிறகு கண்ணாடிப் பூச்சை ஏற்றி மறுபடி சூளைக்குள். கிளேஸ் என்று எல்லோரும் சொல்வது இந்தப் பூச்சைத்தான். ஸ்டோன்வேர், அதாவது கல் மாதிரி இறுகுகிற வகை, என்றால் இந்த இரண்டாவது சூடு 1,200 முதல் 1,300 டிகிரி வரை. அந்தச் சூட்டில் மண்ணின் துகள்களே ஓரளவு உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அதனால்தான் நல்ல ஸ்டோன்வேரைச் சுண்டினால் 'ணங்' என்கிறது. என் கிண்ணத்தின் பழுப்புப் புள்ளிகள்கூட யாரும் தெளித்தவை அல்ல, மண்ணில் இருந்த இரும்புத் துகள்கள் சூட்டில் உருகிப் பூச்சைத் துளைத்து மேலே வந்தவை.

ஆடிய தட்டுக்கு மட்டும் இந்த விளக்கம் செல்லாது. அது குறைதான். கைவேலை என்று சொல்லி எல்லாவற்றையும் மன்னித்துவிடக் கூடாது. வட்டம் சற்றுக் கோணலாக இருக்கலாம், நிறம் மாறலாம். சமதரையில் வைத்த தட்டு ஆடக் கூடாது, குடிக்கிற விளிம்பு உதட்டில் உரசக் கூடாது, உணவு படுகிற இடத்தில் பூச்சு விலகி மண் தெரியக் கூடாது. பரிசாக வாங்கும்போது இந்த மூன்றையும் அங்கேயே பார்த்துவிட வேண்டும். அக்காவும் பார்க்கவில்லை, பாவம். நான் அந்தத் தட்டைப் பழம் வைக்க ஒதுக்கிவிட்டேன்.

முதல் மாதத்தில் வந்த சேதாரம் பாத்திரத்துக்கு இல்லை, மேஜைக்கு. கிண்ணத்தின் அடி வளையத்தில் பூச்சு இருக்காது. இருந்தால் அது சூளைத் தட்டோடு உருகி ஒட்டிக்கொள்ளும் என்பதால் துடைத்துவிடுவார்கள். அந்த வெறும் மண் சொரசொரப்பானது. மரமேஜையில் இழுத்து வைத்த இடமெல்லாம் அரைவட்டக் கோடுகள். கண்ணில் பட்டபோது காலம் கடந்துவிட்டது. நைஸான உப்புத்தாளை நனைத்து, ஒவ்வொரு கிண்ணத்தையும் கவிழ்த்துப் பிடித்து, அடியை ஐந்து நிமிஷம் தேய்த்தேன். நனைத்துத் தேய்த்தால் தூள் பறந்து மூக்குக்குள் போகாது. அன்றிலிருந்து கோடு விழவில்லை. நீங்கள் யாருக்காவது கொடுப்பதாக இருந்தால் இந்த வேலையை முடித்துவிட்டே கொடுங்கள்.

அடுத்த பயம் தட்டுகளில் வந்தது. இரண்டாவது வருஷம் பார்க்கிறேன், தட்டு முழுக்கப் பென்சிலால் கிறுக்கியதைப் போலச் சாம்பல் நிறக் கோடுகள். கத்தி கிழித்துவிட்டது, பூச்சு போய்விட்டது என்று ஒரு வாரம் மனசே சரியில்லை. உண்மை நேர்மாறு. பூச்சு கத்தியைவிடக் கெட்டியானது. தேய்ந்தது கத்தி, தட்டில் ஒட்டியது அதன் உலோகம். பளபளப்பு இல்லாத, மங்கலான பூச்சுகளில் இது அதிகம் வரும், அவற்றின் மேற்பரப்பு நுண்ணிய மேடுபள்ளமாக இருப்பதால். சமையல் சோடாவைக் குழைத்துத் தேய்த்தேன், முக்கால்வாசி போனது. ஆக்ஸாலிக் அமிலம் கலந்த பாத்திரப் பொடி மீதியையும் எடுத்தது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை இதைச் செய்கிறேன். அலுப்புத்தான். மங்கல் பூச்சுத் தட்டைக் கத்தியும் முள்கரண்டியுமாகச் சாப்பிடுபவருக்குக் கொடுக்க மாட்டேன். கையாலோ கரண்டியாலோ சாப்பிடுபவருக்குப் பிரச்சினையே இல்லை.

டிஷ்வாஷரில் போடலாம் என்று பெட்டியில் வந்த துண்டுச் சீட்டில் எழுதியிருந்தது. போட்டேன். உடையவில்லை. ஆனாலும் ஆறு வருஷத்துக்குப் பிறகு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எப்போதும் கையால் கழுவிய கிண்ணத்துக்கும் இயந்திரத்தில் போன தட்டுக்கும் வித்தியாசம் தெரிகிறது. தட்டு வெளுத்துச் சோர்ந்திருக்கிறது. அந்தச் சோப்பின் காரம் பூச்சை மெல்ல மெல்ல அரிக்கிறது. கிண்ணத்தின் விளிம்பு சில்லு போனதும் அங்கேதான், நீரின் வேகத்தில் இரண்டு கிண்ணம் உரசிக்கொண்டதில். இப்போது ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே டிஷ்வாஷர் கம்பித் தட்டில் ஒரு பல் இடைவெளி விட்டு அடுக்குகிறேன்.

மக் போன கதை என் முட்டாள்தனம். குடிக்காமல் விட்ட தேநீரோடு அது ராத்திரி முழுக்கக் குளிர்சாதனப் பெட்டியில் இருந்தது. காலையில் கொட்டிவிட்டு, கொதிக்கிற தண்ணீரை அப்படியே ஊற்றினேன். 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வெளியே ஒன்றும் தெரியவில்லை. கால் மணி நேரம் கழித்து மேஜையில் ஈரம். விளிம்பிலிருந்து அடி வரை மயிரிழை விரிசல். உட்சுவர் சட்டென்று விரிகிறது, தடித்த வெளிச்சுவர் இன்னும் குளிர்ந்தே கிடக்கிறது, இரண்டின் இழுபறியில் மண் பிளக்கிறது. 1,200 டிகிரியைத் தாங்கியது 100 டிகிரியைத் தாங்காதா என்று கேட்கத் தோன்றும். சூளையில் அந்தச் சூடு பல மணி நேரத்தில் படிப்படியாக ஏறியது, நான் ஒரு நொடியில் ஏற்றினேன். அந்த மக்கில் இப்போது பேனாக்கள் இருக்கின்றன.

மூன்றாவது வருஷம் ஆசை பிடித்து, எனக்கு நானே ஒரு நீலக் கிண்ணம் வாங்கிக்கொண்டேன். கண்ணைப் பறிக்கும் நிறம். கேட்காமல் வாங்கினேன். அது ஸ்டோன்வேர் இல்லை, எர்தன்வேர். அதாவது 1,150 டிகிரிக்குள் வெந்த மண், உடம்பு முழுக்க நுண்துளைகள். எட்டு மாதத்தில் பூச்சின் மேல் சிலந்தி வலை மாதிரி மெல்லிய கோடுகள். அவற்றுக்குள் தேநீர் இறங்கிப் பழுப்பாகி, தேய்த்தாலும் போகவில்லை. மண்ணும் பூச்சும் சூட்டில் ஒரே அளவு விரிந்து சுருங்காவிட்டால் இப்படி ஆகும். நுண்துளை மண் காற்றிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் ஈரத்தைக் குடித்து மெல்லப் பெருத்து, மேலே இருக்கிற பூச்சை இழுத்துக் கீறுவதாலும் ஆகும், அதனால்தான் வாங்கிய அன்று தெரியாமல் மாதங்கள் கழித்து வருகிறது. ஜப்பானில் ஹாகி என்ற ஊரின் தேநீர்க் கிண்ணங்களில் இதே சங்கதி பெருமைக்குரியது. வருஷக்கணக்கில் தேநீர் ஊறி நிறம் மாறுவதை 'ஹாகியின் ஏழு மாற்றங்கள்' என்று சொல்லிக் கொண்டாடுகிறார்கள். என் கிண்ணத்தின் மாற்றத்தை என்னால் கொண்டாட முடியவில்லை. தினமும் ஈர உணவு ஊறுகிற பாத்திரத்தில் கழுவ முடியாத இடுக்கு இருப்பது எனக்கு ஒப்பவில்லை. அது இப்போது சாவிக் கிண்ணம்.

அந்தக் கிண்ணம் கற்றுக்கொடுத்த இரண்டு சோதனைகளைப் பரிசு கொடுப்பதற்கு முன் இன்று வரை செய்கிறேன். ஒன்று, தண்ணீர் நிரப்பிக் காகிதத்தின் மேல் ராத்திரி முழுக்க வைப்பது. காலையில் காகிதத்தில் ஈர வளையம் இருந்தால் அது தண்ணீர் குடிக்கிற மண். இரண்டு, மைக்ரோவேவுக்குள் காலிப் பாத்திரத்தையும் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கோப்பையில் தண்ணீரையும் வைத்து ஒரு நிமிஷம் ஓட்டுவது. தண்ணீர் சூடாகிப் பாத்திரம் குளிர்ந்திருந்தால் சரி. பாத்திரம் சுட்டால் அதன் உடம்புக்குள் ஈரம் இருக்கிறது, அல்லது மைக்ரோவேவ் அலையை உறிஞ்சும் உலோகச் சேர்மங்கள் இருக்கின்றன. மைக்ரோவேவ் இல்லாமல் ஒரு வேளையும் ஓட்டாதவருக்கு அதைக் கொடுக்காதீர்கள்.

கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. 'கையால் செய்தது, மண்ணால் செய்தது, அதனால் இயற்கையானது' என்று சொல்லி விற்கிறார்கள். பூச்சு என்பது வேதியியல். ஈயம் சேர்த்தால் பூச்சு குறைந்த சூட்டிலேயே உருகிப் பளபளக்கும், நிறம் எடுப்பாக வரும். சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சளுக்குக் காட்மியம் சேர்ப்பதுண்டு. சரியாக உருகி இறுகாத பூச்சிலிருந்து, புளிப்பான உணவு இவற்றைக் கரைத்து எடுத்துவிடும். ஆய்வுக்கூடத்தில் 4 சதவீத அசெட்டிக் அமிலத்தை ஊற்றி, 22 டிகிரியில் 24 மணி நேரம் வைத்து, எவ்வளவு கரைந்து வந்திருக்கிறது என்று அளக்கிறார்கள். கிண்ணம், கோப்பை போன்றவற்றுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் 1984-ம் ஆண்டு விதி லிட்டருக்கு 4 மில்லிகிராம் ஈயம், 0.3 மில்லிகிராம் காட்மியம் என்று எல்லை வைத்தது. ஈயம் உடம்பில் சேர்ந்துகொண்டே போகிற சரக்கு, குழந்தைகளுக்கு இன்னும் ஆபத்து. ஆகவே கேளுங்கள்: "உள்பக்கப் பூச்சில் ஈயம், காட்மியம் இருக்கிறதா? சோதித்தீர்களா?" ஒழுங்கான குயவர் இந்தக் கேள்விக்கு முகம் சுளிப்பதில்லை. நான் கேட்டவர்களில் ஒருவர் பூச்சின் சேர்மானத்தையே சொல்ல ஆரம்பித்துவிட்டார், நிறுத்துவதுதான் கஷ்டமாக இருந்தது. வீட்டில் எலுமிச்சைத் துண்டை ராத்திரி பூச்சின் மேல் வைத்துப் பார்க்கலாம். காலையில் அந்த இடம் வெளுத்திருந்தால் பூச்சு நிலையற்றது, ஒதுக்கிவிடுங்கள். ஆனால் வெளுக்கவில்லை என்பதற்காக ஈயம் இல்லை என்று அர்த்தமில்லை.

இனி நான் கொடுத்த பரிசுகள். முதலாவது, தோழியின் கல்யாணத்துக்கு ஒரு பெரிய தட்டு. விளிம்பில் தங்கக் கோடு. அழகு என்றால் அப்படியோர் அழகு. மூன்று வருஷம் கழித்து அவள் வீட்டுக்குப் போனபோது அது கண்ணாடி அலமாரிக்குள் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தது. "பயமா இருக்குடி, உடைஞ்சிட்டா?" என்றாள். ஒரே ஒரு முறை மைக்ரோவேவில் வைத்திருக்கிறாள், தங்கக் கோட்டில் பொறி பறந்திருக்கிறது. அதோடு சரி. தப்பு அவளுடையது இல்லை. புழங்க முடியாத ஒன்றைக் கொடுத்துவிட்டுப் புழங்கவில்லையே என்று வருத்தப்படுவது என்ன நியாயம்?

இரண்டாவது தோல்வி அம்மாவுக்குக் கொடுத்த மக். என் மக்கைப் பார்த்து ஆசைப்பட்டாள், அதனால் அதைவிடப் பெரியதாக ஒன்று. இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் அதில் கரண்டிகள் நிற்கின்றன. "கனமா இருக்குடி, தூக்கினா கட்டை விரல் கடுக்குது" என்றாள். அம்மாவுக்கு விரல் மூட்டில் வலி இருப்பது எனக்குத் தெரியாதா? தெரியும். மக் வாங்கும்போது அது ஞாபகத்துக்கு வரவில்லை. எடை போட்டேன்: காலி மக் 430 கிராம், 300 மில்லி தேநீர் ஊற்றினால் 730 கிராம். அவ்வளவு எடையும் ஒரு கைப்பிடி வழியாக ஒரு கட்டை விரலுக்குப் போகிறது. கடைப் பலகையில் வைத்திருக்கும்போது கனம் நமக்குத் தரம் மாதிரித் தெரிகிறது, அதுதான் ஏமாற்று வித்தை.

அடுத்த முறை எடைத் தராசைக் கையோடு எடுத்துக்கொண்டு போனேன், கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. கைப்பிடியே இல்லாத ஒரு சின்னக் கிண்ணம், 190 கிராம், உள்ளே 180 மில்லி பிடிக்கும். அம்மா ஆறவைத்துக் குடிப்பவள், அதனால் கை சுடும் என்ற கவலை இல்லை. இரண்டு உள்ளங்கையாலும் ஏந்திக் குடிக்கிறாள். குளிர்ந்த விரல்களுக்கு அந்தச் சூடு இதமாக இருக்கிறதாம். நான்கு வருஷமாக வேறு பாத்திரத்தில் அவள் தேநீர் குடித்து நான் பார்க்கவில்லை.

நான்காவது, வேறு ஊரில் தனியாகத் தங்கி வேலைக்குப் போக ஆரம்பித்த தம்பிக்கு. ஒரு கிண்ணம், ஒரு தட்டு, ஒரு மக். ஆறு ஆறாகக் கொடுத்தால் வைக்க இடமில்லாமல் பெட்டியிலேயே இருக்கும். கூரியரில் அனுப்பினேன். மக்கின் கைப்பிடி தனியாகப் போய்ச் சேர்ந்தது. 'உடையும் பொருள்' என்று நாலு பக்கமும் எழுதியிருந்தும் யாரோ பந்து விளையாடியிருக்கிறார்கள். புகார் கொடுத்தேன், பேக்கிங் சரியில்லை என்று ஒரு வரியில் பதில் வந்தது. எரிச்சலோடு குயவரிடம் சொன்னபோது, அவரும் பேக்கிங் சரியில்லை என்றுதான் சொன்னார்! தட்டைப் படுக்க வைத்து அனுப்பியது தப்பு, நிறுத்தி வைக்க வேண்டும். கைப்பிடியின் வளையத்துக்குள் காகிதத்தைத் திணித்து, பிறகு முழு மக்கையும் சுற்ற வேண்டும். அதை ஒரு பெட்டிக்குள் வைத்து, அந்தப் பெட்டியை இன்னொரு பெரிய பெட்டிக்குள், சுற்றிலும் நாலு விரற்கடை மெத்தையோடு. குலுக்கினால் உள்ளே எதுவும் நகரக் கூடாது. இரண்டாவது மக் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. தம்பி அதே கிண்ணத்தில்தான் மூன்று வேளையும் சாப்பிடுகிறான், கழுவ ஒன்றுதான் இருக்கிறது என்று சந்தோஷம்.

தேதி பார்த்துக் கொடுக்க நினைப்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். வனைந்து, காய வைத்து, இரண்டு முறை சுட்டு, சூளை தானாக ஆறும் வரை காத்திருந்து எடுக்க, மூன்று நான்கு வாரம் சாதாரணமாக ஆகும். மழைக்காலத்தில் மண் காயவே அடம் பிடிக்கும். அவசரப்படுத்தினால் ஈரத்தோடு சூளைக்குள் போன பாத்திரம் நீராவியில் வெடித்துவிடும், பக்கத்தில் இருப்பதையும் சேர்த்துக்கொண்டு.

உடைந்த நான்காவது கிண்ணத்தை ஒட்டிப் பார்த்தேன். ஜப்பானிய கின்ட்சுகி முறையில் உருஷி மரத்தின் பாலால் ஒட்டி, மூட்டின் மேல் தங்கத்தூள் தூவுவார்கள். அந்தப் பால் காய்வதற்கு ஈரக்காற்று வேண்டும், ஒட்டி முடிக்க வாரக்கணக்கில் ஆகும், காயாத பால் தோலில் பட்டால் கொப்பளிக்கும். நான் செய்தது அதுவல்ல. எபாக்ஸி பசையும் தங்க நிறப் பொடியும் வைத்து ஞாயிற்றுக்கிழமை மதியம் செய்த வேலை. பார்க்க நன்றாகவே வந்தது. ஆனால் அந்தப் பசை சூட்டுக்கும் உணவுக்கும் ஆகாது. சாவிக் கிண்ணத்துக்குத் துணையாக அது பொத்தான்களைச் சுமக்கிறது. மேலே எழுதிய இருப்புக் கணக்கில் அதைச் சேர்க்கவில்லை.

சில்லு போன கிண்ணத்தை மட்டும் ஒதுக்கவில்லை. போனது வெளிப்புற விளிம்பில், பருப்பு அளவு. உப்புத்தாளால் முனையை மழுங்கடித்துவிட்டேன். உணவு படாத பக்கம், ஸ்டோன்வேர் என்பதால் தண்ணீரும் அவ்வளவாக இறங்குவதில்லை. கழுவும்போது விரல் அந்தப் பள்ளத்தைத் தொட்டுவிட்டுப் போகும்.

போன மாதம் அக்கா வந்திருந்தாள். அலமாரியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள், கவிழ்த்து அடியைத் தடவினாள். ஆடுகிற தட்டை ஆட்டிப் பார்த்துச் சிரித்தாள். கடைசியில் அந்தச் சில்லுக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "உடைஞ்சதை ஏன்டி வச்சுக்கிட்டு? எங்கிட்டக் குடு, செடி வைக்கிறேன்" என்றாள். அலமாரியில், உடைந்த மக்குக்குப் பதிலாகக் குயவர் செய்து கொடுத்த புது மக் இருந்தது. பழையதைவிட நிறம் கொஞ்சம் பச்சையாக வந்துவிட்டதால் நான் இன்னும் பழகாதது. அதைக் காகிதத்தில் சுற்றி அவள் பைக்குள் வைத்தேன், கைப்பிடி வளையத்துக்குள்ளும் காகிதம் திணித்து. கிண்ணத்தை அவள் கையிலிருந்து வாங்கிக் கழுவி அதன் இடத்தில் கவிழ்த்தேன்.